உள்ளூர் மாடு விலை போகுமா?

நம் மக்களிடம் இரண்டு பழமொழிகள் வழங்குகின்றன. 'உள்ளூர் மாடு விலை போகாது' என்பது ஒன்று. 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்பது மற்றொன்று. முன்னது நம் ஊர்ப் பொருளைத் தாழ்த்திப் பேசுகிறது. பின்னது நம் வீட்டுப் பொருளை உயர்த்திப் பேசுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுத் திண்டாடுபவர் ஒருவர் உண்டென்றால், அவர் கூடைப்பந்து அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்தாம்.

சென்ற மாதம் எங்கள் விடுதியில் நள்ளிரவு வரை இதே வழக்கு நடந்தது. இங்கே ஒரு கல்லூரி அணியில் ஆறடி ஆறங்குல உயரமுள்ள இளைஞன் ஒருவன் ஆடுகிறான். மைசூரிலேயே பிறந்தவன், இந்த ஊர்க் களத்திலேயே பந்து பிடிக்கப் பழகியவன். கூடையருகே நின்று திரும்பி வரும் பந்தைப் பற்றுவதில் வல்லவன். வேகம் போதாது. அவனைப் பெரிய அணி ஒன்று எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா? "நம் பிள்ளையை நாம் எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பார்?" என்றது ஒரு கட்சி. "ஊர்ப்பாசம் கோப்பையை வென்று தராது; இவனைவிட நல்லவன் வெளியே கிடைப்பான்" என்றது மறு கட்சி. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அதன் காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இவ்வழக்கு நமக்குப் புதிதாக இருக்கலாம். கூடைப்பந்து உலகுக்குப் புதிதன்று. அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் இதற்கென ஒரு விதியே வகுத்திருந்தது. அங்கே கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. 1949 முதல் 1965 வரை ஓர் அணி தன் முதற்சுற்று உரிமையை விட்டுக்கொடுத்தால், தன் ஊரிலிருந்து 50 மைல் தொலைவுக்குள் இருந்த கல்லூரி ஆட்டக்காரர் ஒருவரைப் பிறருக்கு முன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம். இதில் பாசத்தைவிடக் கணக்கே மிகுதி. சங்கம் அப்போது இளங்கன்று. அரங்கம் நிரம்பினால்தான் பிழைக்கும். கல்லூரியில் ஒருவனுக்குக் கைதட்டிய கூட்டம் அவன் பின்னாலேயே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வரும் என்று எண்ணினார்கள்.

அந்த விதியை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். 50 மைல் என்பது ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மைசூருக்கு மண்டியா உள்ளூராகிவிடும், பெங்களூரு வெளியூராகிவிடும்! கயிறு பிடித்து அளந்து 'நம்மவன்' என்பதை முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும்.

இவ்விதிப்படி 1959ஆம் ஆண்டு பிலடெல்பியா வாரியர்ஸ் அணி வில்ட் சேம்பர்லினை எடுத்தது. ஏழடிக்கு மேல் உயரம். அவர் கல்லூரியில் ஆடியதோ வெகு தொலைவில் உள்ள கான்சாஸ் பல்கலைக்கழகத்தில். ஆயினும், 'பிறந்ததும் பள்ளியில் ஆடியதும் எங்கள் ஊரில்' என்று பிலடெல்பியா உரிமை கொண்டாடியது, சங்கமும் ஒப்புக்கொண்டது. முதற்பருவத்திலேயே ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 37.6 புள்ளிகள் எடுத்து, அப்பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும் பெற்றார். காக்கைக் குஞ்சு மெய்யாகவே பொன் குஞ்சாக இருந்தது. ஆனால் 1962இல் நடந்தது என்ன? அந்த அணியே பிலடெல்பியாவை விட்டு சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. சேம்பர்லினும் உடன் சென்றார். மண்ணின் மைந்தன் என்று சொல்லி எடுத்தவர்களே மண்ணை விட்டுப் போனார்கள்!

மற்றொரு கதையையும் கேளுங்கள். 1956இல் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் அணிக்கு இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. அந்த உரிமையால் கிடைத்தவர் பில் ரசல். அவரை பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, எட் மெக்காலியையும் கிளிஃப் ஹேகனையும் ஹாக்ஸ் பெற்றுக்கொண்டது. மெக்காலி செயின்ட் லூயிசில் பிறந்து அவ்வூர்ப் பல்கலைக்கழகத்திலேயே ஆடிய நெடிய ஆட்டக்காரர். நோயுற்ற மகனை முன்னிட்டு ஊர் திரும்ப அவரும் விரும்பினார். அவர் வந்த பின் 1958இல் ஹாக்ஸ் வாகை சூடியது. ஆகவே அந்தத் தேர்வை முழுத்தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாஸ்டனுக்குப் போன ரசல் 13 பருவங்களில் 11 முறை வாகை சூடினார். அவற்றுள் 1957, 1960, 1961 ஆகிய மூன்றும் அதே செயின்ட் லூயிஸ் அணியை இறுதியில் வீழ்த்திப் பெற்றவை.

ஒரு கதை உள்ளூர்க் கட்சிக்குச் சான்று. மற்றொன்று வெளியூர்க் கட்சிக்குச் சான்று. அப்படியானால் எதைத்தான் நம்புவது?

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பள்ளியில் அளவுகோலைப் படிக்கக் கற்றபோது 'இடமாறு தோற்றப் பிழை' என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். கண்ணை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தால் அளவு கூடிக் காட்டும்; மறுபக்கம் சாய்த்துப் பார்த்தால் குறைந்து காட்டும். பொருள் மாறவில்லை, கோலும் மாறவில்லை, கண் நின்ற இடம்தான் மாறியது. நம் இரண்டு பழமொழிகளும் இவ்விரு பிழைகளே. அணிக்கு ஆள் எடுப்பவர் கண்ணை நேரே வைத்துப் பார்க்க வேண்டும். உயரம் மட்டும் தெரியும் கண்ணும் பழுதுபட்டதே. 1984இல் போர்ட்லாந்து அணி சாம் பூவி என்ற ஏழடி ஆட்டக்காரரை எடுத்தது. கல்லூரி நாளிலேயே கால் எலும்பு முறிந்து நெடுநாள் ஆடாமல் இருந்தவர் அவர். அடுத்த இடத்தில் சிகாகோ எடுத்தவர் மைக்கேல் ஜோர்டன்!

இங்கேதான் உள்ளூர்ப் பிள்ளைக்கு உண்மையான சிறப்பு ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரனை நாம் இரண்டு ஆட்டங்களில் பார்க்கிறோம். உள்ளூர்க்காரனை மூன்றாண்டு பார்த்திருக்கிறோம். தோற்ற நாளின் மறுநாள் காலை அவன் பயிற்சிக்கு வந்தானா, முழங்கால் எப்போது வீங்கியது, சென்ற ஆண்டு கைவராத எறி இந்த ஆண்டு கைவந்ததா என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அறிவியலில் ஒரு முறை எடுத்த அளவைவிடப் பல முறை எடுத்த அளவுக்கு மதிப்பு அதிகம். ஆகவே உள்ளூர்ப் பிள்ளையை எடுப்பதற்கு அவனுடைய பிறப்பைக் காரணமாகக் காட்ட வேண்டா. நாம் அவனை அறிந்திருப்பதே போதிய காரணம். அந்த அறிவு 'எடு' என்றால் தயங்காமல் எடுக்க வேண்டும். 'வேண்டா' என்றால் வருந்தியேனும் விட்டுவிட வேண்டும்.

நிற்க. நம் நாட்டில் இத்தேர்வு வெறும் விளையாட்டுச் செய்தியன்று. அமெரிக்காவைப்போல் கோடிகள் புரளும் நிலையான லீக் இங்கே வேரூன்றவில்லை. 2015இல் தொடங்கிய யூ.பி.ஏ. லீக் 2017க்குப் பின் நடக்கவில்லை. பெரியகுளம், கரூர், கோவை முதலிய ஊர்களின் அகில இந்தியப் போட்டிகளில் ஆடும் அணிகளின் பெயரைப் பாருங்கள்: வங்கி, இரயில்வே, இராணுவம், மின்வாரியம். கல்லூரி ஆட்டக்காரனை ஓர் அணி எடுக்கிறது என்றால் அவன் வீட்டுக்கு ஒரு வேலை வருகிறது என்று பொருள். அந்த வாயில்களும் குறைந்து வருகின்றன. பெங்களூரில் பெயர்பெற்ற அணி வைத்திருந்த விஜயா வங்கி 2019இல் வேறொரு வங்கியோடு இணைந்து பெயரே இல்லாமல் போயிற்று.

எடுத்துக்கொண்டால் மட்டும் போதுமா? பஞ்சாபின் பல்லோ கே சிற்றூரில் பிறந்த சத்னம் சிங்கை நினைத்துப் பாருங்கள். ஏழடி இரண்டங்குலம். 2010இல் பதினான்கு வயதில் அமெரிக்கா சென்றார். 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52ஆம் இடத்தில் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்தவர்களுள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே. நாடே கைதட்டியது. ஆனால் தலைமைச் சங்கத்தின் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. துணை லீக்கோடு நின்றது. பிற்பாடு மல்யுத்த மேடைக்குப் போனார். நெட்டைப் பிள்ளை மெல்ல முதிரும் பயிர். கால் உறுதிப்பட நாளாகும். களத்தில் நின்று தவறு செய்து கற்க நாளாகும். அந்த நாளைக் கொடுக்க மனமில்லாத அணி அவனை எடுக்காமலிருப்பதே அவனுக்குச் செய்யும் நன்மை.

இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். எங்கள் விடுதியில் வழக்குக்கு ஆளான அந்த இளைஞன் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பாட்டனார் பிழைப்புத் தேடி மைசூருக்கு வந்தவர். அவன் வீட்டில் தமிழ் பேசுகிறான்; களத்தில் கன்னடம் பேசுகிறான். அவன் பந்தைப் பறித்தபோதெல்லாம் கன்னட நண்பர்கள் 'நம்ம ஹுடுக' என்றார்கள். நாங்கள் 'நம்ம பையன்' என்றோம். தமிழ்நாட்டில் ஓர் அணித் தேர்வுக்குப் போனான். "கர்நாடகப் பையனா?" என்று கேட்டார்களாம். இங்கே ஓர் அணித் தேர்வுக்குப் போனான். "தமிழனா?" என்று கேட்டார்களாம். பாராட்டும்போது இரண்டு ஊருக்கும் பிள்ளை. இடம் கொடுக்கும்போது இரண்டு ஊருக்கும் அயலான். "அண்ணே, எவ்வளவு உயரம் தாவுவாய் என்று யாரும் கேட்கவில்லையே" என்று அவன் சொன்னபோது எனக்கு விடை வரவில்லை. சேலத்திலிருந்து வந்து இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் சோறும் கல்வியும் பெறுகின்ற எனக்கும் அந்தக் கேள்வி உறைக்கத்தான் செய்தது.

ஆகவே தோழர்களே, என் கருத்து இதுதான். அவனை எடுக்கலாம், ஆனால் எடுக்கும் முறை இது. ஒரே நாள் தேர்வை நம்பாமல் ஒரு பருவம் முழுதும் பாருங்கள். பார்ப்பவர்களுள் ஒருவராவது அவன் ஊரும் மொழியும் அறியாதவராக இருக்கட்டும். எடுத்தபின் மூன்றாண்டு பொறுத்திருங்கள்; அதற்குள் அவன் பட்டப்படிப்பை முடிக்க வழி செய்யுங்கள். கூட்டம் சேர்ப்பதற்காக மட்டும் அவனை இருக்கையில் உட்கார்த்தி வைக்காதீர்கள்.

வள்ளுவர் அதிகாரங்களை வைத்த முறையை எண்ணிப் பாருங்கள். ஆளை ஆராய்ந்து தெளிவதற்குத் 'தெரிந்து தெளிதல்'. தெளிந்தவனிடம் வேலையை ஒப்படைப்பதற்குத் 'தெரிந்து வினையாடல்'. இவ்விரண்டும் முடிந்த பிறகே சுற்றத்தைத் தழுவிக்கொள்ளச் சொல்லும் 'சுற்றந்தழால்'. அணிக்கு ஆள் எடுப்பவர்களும் இந்த வரிசையை மாற்றாதிருந்தால் போதும்.

அடுத்த மாதம் அந்தத் தம்பி மற்றோர் ஊருக்குத் தேர்வுக்குப் போகிறான். அங்கேயாவது முதற்கேள்வி பந்தைப் பற்றியதாக இருக்கட்டும்.