கேள்வியின் வலிமை

எப்ஸ்டீனுடன் கொண்ட நட்புக் குறித்துப் பிரித்தானிய இளவரசர் அன்ட்ரூ அளித்து, 2019 நவம்பர் 16இல் ஒளிபரப்பான பேட்டி, 2024இல் ‘ஸ்கூப்’ எனும் நாடகப் படமாயிற்று. கண்டியில் அதனைக் கண்ட அன்பர்கள் நடிப்பையே மெச்சுகின்றனர். நாம் மெச்சுவது கேள்வியை! நான்காம் நாளே இளவரசர் பொதுப்பணிகளினின்று ஒதுங்குவதாக அறிவித்தார்.

இங்கு நிகழ்ந்ததென்ன? 2025 மார்ச் 6இல் ஒளிபரப்பான அல்ஜசீரா பேட்டியில், பட்டலந்த வதைமுகாம் பற்றி ரணில் விக்கிரமசிங்க வினவப்பட்டார். 1998இல் முடிந்த ஆணைக்குழு அறிக்கை, மார்ச் 14இல் பாராளுமன்றம் ஏறிற்று. நீண்ட காலம் உறங்கிய ஏட்டை எட்டே நாளில் எழுப்பியது கேள்வியன்றோ?

அதனையும் அயலாரே கேட்கவேண்டியதாயிற்று. வாக்குக் கேட்டு வருவோரிடம், லயத்து மக்களின் காணிக்கு உறுதி எங்கே என நாம் கேட்பது எந்நாள்? குறுக்கு விசாரணை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று, குடிமக்களுக்கும் உரியது.