அழிக்காம எழுதுங்க பாஸ்!

ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ஒரகடம் பக்கம் போயிருக்கீங்களா? கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. இவங்களுக்கு பார்ட்ஸ் செய்து கொடுக்கிற சின்னச் சின்ன கம்பெனிகள் தனிக் கணக்கு. இன்ப்ளான்ட் டிரெய்னிங் என்று நம்மில் பலர் வந்து இறங்குவதும் இங்கேதான்.

அங்கே ஒரு சூப்பர்வைஸர், ''தம்பி, போல்ட் முறுக்குற மெஷின் ரீடிங்கை எல்லாம் ஒரு ஃபைல்ல சேர்த்து வைக்கிற மாதிரி புரோகிராம் எழுதிக் கொடேன்'' என்று கேட்டால்? பைத்தான் தெரிந்தால் பத்து வரி வேலை. ஆனா, அதில் ஓர் எழுத்து மாறினா ஒரு ஷிஃப்ட்டே காலி!

பைத்தானில் ஃபைலைத் திறக்க 'ஓப்பன்'. கூடவே எதற்குத் திறக்கிறோம் என்று ஓர் எழுத்தும் கொடுக்கணும். படிக்க மட்டும் 'ஆர்', புதுசா எழுத 'டபிள்யூ', கடைசியில் சேர்க்க 'ஏ'.

'எழுதத்தானே போறோம்' என்று டபிள்யூ போட்டீங்க... போச்சு! பழைய ஃபைலைத் திறந்த நொடியே உள்ளே இருந்ததை எல்லாம் துடைச்சிடும். நீங்க ஒரு வரிகூட எழுதியிருக்கத் தேவையில்லை. 'நிச்சயமா?' என்று கேட்காது. ரீசைக்கிள் பின்னிலும் கிடைக்காது. 'ஏ' போட்டால் லாக் புக்கில் அடுத்த வரி எழுதுற மாதிரி, பழசு பத்திரமா இருக்கும். புது ஃபைல்தான் வேணும், பழசைத் தொடக்கூடாதா? 'எக்ஸ்' போடுங்க. அதே பெயரில் ஃபைல் இருந்தால் எரர் காட்டி நின்றுவிடும்.

இன்னொரு விஷயம். எழுதினது உடனே டிஸ்க்குக்குப் போயிடாது. கொஞ்சம் மெமரியில் சேர்ந்த பிறகுதான் மொத்தமாகப் போகும். நடுவில் கரண்ட் போனால் கடைசி ரீடிங்குகளும் போச்சு. அதனால் 'வித்' போட்டுத் திறங்க. நடுவில் எரர் வந்தாலும் அதுவே ஃபைலை மூடிடும். நாள் முழுக்க ஓடுகிற புரோகிராமா? ஒவ்வொரு ரீடிங்குக்கும் திறந்து, எழுதி, மூடிடுங்க. இழப்பு ரொம்பவே குறையும். ஆபரேட்டர் பெயர் தமிழில் இருந்தால், என்கோடிங் 'யூடிஎஃப்-8' என்று சொல்ல மறக்காதீங்க.

'ஒரு ஃபைலுக்கா இவ்வளவு பில்டப்?' என்கிறீங்களா? ஒவ்வொரு காருக்கும் 17 இடம் கொண்ட அடையாள எண் உண்டு. பிரேக் பக்கம் ஒரு போல்ட் சரியா இறுகலைன்னு நாளைக்குத் தெரிஞ்சா, அது எந்தெந்த வண்டி என்று தேட இந்த ரெக்கார்டுதான் சாட்சி. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைப்பதற்கான விதிகள் நம்ம நாட்டில் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கு. ரெக்கார்டு இருந்தால் அந்த ஷிஃப்ட் வண்டிகளை மட்டும் கூப்பிடலாம். இல்லேன்னா எது நல்ல வண்டி, எது குறை வண்டி என்று யாருக்கும் தெரியாது. அதில் ஒரு வண்டி உங்க வீட்டு வாசலிலேயே நிற்கலாம்!

இன்னிக்கே ஒரு டம்மி ஃபைல் செய்து, டபிள்யூ போட்டு அழிஞ்சு போறதை உங்க கண்ணாலேயே பாருங்க. லேபில் ஒருதரம் அழிச்சுப் பார்த்தவங்க லைனில் அழிக்க மாட்டாங்க!