விண்வெளியில் சூரிய மின்சாரம்: இந்தியா காத்திருக்கலாமா?

பெங்களூரு: சூரியன் மறைந்த பிறகு மின்சாரத்தை எங்கிருந்து பெறுவது? இந்திய மின்துறை இன்று எதிர்கொள்ளும் முதன்மையான கேள்வி இதுதான். நாட்டின் சூரிய மின் நிறுவுதிறன் 2025 ஜனவரியில் 100 ஜிகாவாட்டைக் கடந்தது. ஆயினும், வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கும் மாலை வேளையில் அந்த உற்பத்தி முற்றிலும் நின்றுவிடுகிறது. இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய வழிகளில் ஒன்றாக, விண்வெளியிலேயே சூரிய ஆற்றலைச் சேகரித்துப் பூமிக்கு அனுப்பும் யோசனை உலக அளவில் மீண்டும் விவாதிக்கப்பட்டு வருகிறது. இஸ்ரோவின் தலைமையகம் அமைந்துள்ள பெங்களூருவுக்கும் இந்த விவாதத்தில் ஓர் இடம் உண்டு.

கலாம் முன்வைத்த திட்டம்

இந்த யோசனை இந்தியாவுக்குப் புதியதன்று. முன்னாள் குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாமும், அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கமும் இணைந்து, 2010 நவம்பரில் விண்வெளி சூரிய மின்சாரத்துக்கான கூட்டு முயற்சி ஒன்றை அறிவித்தனர். ஒரே நாடு தனித்துச் சுமக்க இயலாத பணி என்பதால், இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து இதில் இறங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2015 ஜூலையில் கலாம் மறைந்தார். அந்த முயற்சி அரசுத் திட்டமாக உருப்பெறவில்லை.

இதன் மூலக் கருத்து இன்னும் பழையது. அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் கிளேசர் 1968-ஆம் ஆண்டு இதனை அறிவியல் இதழ் ஒன்றில் முன்மொழிந்தார். பூமியிலிருந்து 35,786 கி.மீ. உயரத்தில் உள்ள புவிநிலைச் சுற்றுப்பாதையில் மிகப்பெரிய சூரியத் தகடுகளை நிறுவ வேண்டும். அங்கு மேகமும் இல்லை; மழைக்காலமும் இல்லை. சம இரவு நாட்களை ஒட்டிய சில வாரங்களில், நாளொன்றுக்கு அதிகபட்சம் 72 நிமிடங்கள் மட்டுமே பூமியின் நிழல் விழும். ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,361 வாட் ஆற்றல் ஏனைய நேரமெல்லாம் இடைவிடாமல் கிடைக்கும். அதனை நுண்ணலையாக மாற்றிக் கீழே அனுப்பினால், தரையில் விரிக்கப்பட்ட ஆண்டெனா வலை அதனைப் பெற்று மீண்டும் மின்சாரமாக்கும்.

நிரூபிக்கப்பட்டவை எவை?

கம்பியின்றி மின்சாரத்தை அனுப்ப முடியும் என்பதில் ஐயமில்லை. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் 1975-இல் நடைபெற்ற சோதனையில், 1.5 கி.மீ. தொலைவுக்கு 30 கிலோவாட்டுக்கும் அதிகமான மின்சாரம் நுண்ணலை வழியாகப் பெறப்பட்டது. 2015 மார்ச்சில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் 10 கிலோவாட் மின்சாரத்தை 500 மீட்டர் தொலைவுக்கு அனுப்பிக் காட்டியது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம் 2023 ஜனவரியில் விண்ணுக்கு அனுப்பிய சோதனைக் கருவி, விண்வெளியில் கம்பியின்றி மின்னாற்றலைக் கடத்தியதுடன், மிகச் சிறிய அளவிலான நுண்ணலைக் கற்றையைத் தனது வளாகக் கூரைக்கும் அனுப்பியது.

எனவே, இயற்பியல் தடையாக இல்லை. தடையாக நிற்பவை அளவும் செலவும்தான்.

பாவகடாவுடன் ஓர் ஒப்பீடு

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கை, மின்கட்டமைப்புக்கு 2 ஜிகாவாட் வழங்கும் விண்வெளி நிலையங்களின் இரு மாதிரிகளை ஆராய்ந்தது. அவற்றில் எடை குறைந்த மாதிரியே ஏறத்தாழ 5,900 டன் நிறை கொண்டது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் நிறை சுமார் 420 டன் மட்டுமே. எரிபொருள் நிரப்பும் பயணங்களையும் சேர்த்து, இந்த ஒரு நிலையத்தை நிறுவ 2,300-க்கும் மேற்பட்ட ராக்கெட் பயணங்கள் தேவைப்படும் என அந்த அறிக்கை கணக்கிட்டது.

இதே அளவு நிறுவுதிறன் கர்நாடகத்தில் ஏற்கெனவே உள்ளது. தும்கூரு மாவட்டம் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் அமைந்துள்ள சூரிய மின் பூங்காவின் திறன் 2,050 மெகாவாட். வறட்சி மிகுந்த அப்பகுதியில் விவசாயிகளின் நிலம் விலைக்கு வாங்கப்படவில்லை. ஏக்கருக்கு ஆண்டுக்கு ரூ.21,000 என்ற தொடக்க வாடகையில் குத்தகைக்குப் பெறப்பட்டது. இரவும் பகலும் இயங்குவதால், விண்வெளி நிலையம் ஓராண்டில் பாவகடாவைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு மின்சாரம் தரக்கூடும் என்பது உண்மை. ஆனால், அதன் விலையைப் பார்க்கும்போது இந்த மேன்மை மங்கிவிடுகிறது. நாசாவின் கணக்குப்படி, 2050-ஆம் ஆண்டிலும் ஒரு யூனிட்டின் உற்பத்திச் செலவு இரு மாதிரிகளுக்கும் முறையே 0.61 டாலர், 1.59 டாலர். அதாவது ஏறத்தாழ ரூ.50 முதல் ரூ.130 வரை. இது தரையில் கிடைக்கும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் விலையைப் போல 12 முதல் 80 மடங்கு.

ஏவுதல் செலவு வெகுவாகக் குறைந்து, கருவிகளின் ஆயுளும் திறனும் ஒருங்கே உயர்ந்தால் யூனிட் விலை சில சென்ட்டுகளாகக் குறையவும் கூடும் என அதே அறிக்கை குறிப்பிடுகிறது. எனினும், அந்த மாற்றங்கள் அனைத்தும் ஒன்றாக நிகழ வேண்டும்.

நிலத்தேவையும் முழுமையாக நீங்கிவிடாது. 1970-களின் இறுதியில் அமெரிக்க அரசு ஆராய்ந்த 5 ஜிகாவாட் மாதிரிக்கு, தரையில் 10 கி.மீ. அகலமும் 13 கி.மீ. நீளமும் கொண்ட ஏற்பு ஆண்டெனா திட்டமிடப்பட்டது. இது ஏறத்தாழ 25,000 ஏக்கர். அதன் மையத்தில் நுண்ணலையின் செறிவு சதுர மீட்டருக்கு 230 வாட். நண்பகல் வெயிலின் கால் பங்குக்கும் குறைவு. ஆயினும் பறவைகள், விமானங்கள், தகவல் தொடர்பு அலைவரிசைகள் ஆகியவற்றின் மீதான தாக்கத்தைப் பல்லாண்டு ஆய்வின்றித் தீர்மானிக்க இயலாது.

பெங்களூருவின் பங்கு

இந்தியாவின் இன்றைய ஏவுதிறனைக் கொண்டு பார்த்தால் தொலைவு இன்னும் தெளிவாகும். நாட்டின் வலிமை மிக்க ராக்கெட்டான எல்விஎம்-3, புவிநிலை மாற்றுப் பாதைக்குச் சுமார் 4 டன் எடையைக் கொண்டு செல்லும். 5,900 டன்னை அந்தப் பாதை வரை சேர்ப்பதற்கே ஏறத்தாழ 1,475 பயணங்கள் வேண்டும். 2014 டிசம்பர் முதல் 2023 ஜூலை வரை அந்த ராக்கெட் பறந்தது 7 முறை.

ஆனால், இத்தகைய நிலையத்துக்குத் தேவையான அடிப்படைத் திறன்கள் சில ஏற்கெனவே வளர்ந்து வருகின்றன. பெங்களூருவின் யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையம் வடிவமைத்த ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள், 2024 டிசம்பர் 30-இல் ஏவப்பட்டு, 2025 ஜனவரி 16-இல் விண்வெளியில் ஒன்றோடொன்று இணைந்தன. ஏப்ரலில் மீண்டும் இணைந்தபோது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் கடத்தப்பட்டது. இணைப்பின் வழியாகச் சென்ற சிறிய அளவு மின்சாரம்தான் அது. எனினும், பல பகுதிகளை விண்வெளியிலேயே பொருத்திப் பெரிய அமைப்பை உருவாக்குவதற்கு இது முதற்படி. தாழ்நிலைச் சுற்றுப்பாதைக்கு 30 டன் வரை சுமந்து செல்லும், முதல் அடுக்கை மீண்டும் பயன்படுத்தக்கூடிய அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு, மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ரூ.8,240 கோடி ஒதுக்கி ஒப்புதல் அளித்தது.

இத்திறன்கள் விண்வெளி நிலையம், நிலவுப் பயணம் ஆகியவற்றுக்கும் தேவைப்படுபவை. ஆதலால், விண்வெளி மின்சாரம் கைகூடாவிட்டாலும் இவற்றுக்கான முதலீடு வீணாகாது.

இரவுக்கான விடை தரையில்

காத்திருப்பின் விலை என்ன என்பதைக் கர்நாடகம் அறியும். 2023-இல் பருவமழை பொய்த்து அணைகளின் நீர்மட்டம் சரிந்தபோது, மாநிலத்தில் மின்தட்டுப்பாடு ஏற்பட்டது. பம்புசெட்டுகளுக்கான மின்சார நேரம் குறைக்கப்பட்டதைக் கண்டித்து விவசாயிகள் போராடினர். பகல் நேர சூரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் வழி போதிய அளவில் இல்லை என்பதை அந்தத் தட்டுப்பாடு வெளிப்படுத்தியது.

அதற்கான தெரிவுகளும் எளிதானவை அல்ல. ஷராவதி ஆற்றில் திட்டமிடப்பட்டுள்ள 2,000 மெகாவாட் நீரேற்று மின் திட்டம், சிங்கவால் குரங்குகளின் சரணாலயக் காட்டைப் பாதிக்கும் எனச் சூழலியலாளர்கள் எதிர்க்கின்றனர். மறுபுறம், பேட்டரிகளின் விலை வேகமாகச் சரிந்து வருகிறது. சேமிப்பு வசதியுடன் கூடிய சூரிய மின்சாரத்துக்கு 2024 இறுதியில் நடைபெற்ற தேசிய ஏலத்தில், யூனிட் விலை ரூ.3.50-ஐ ஒட்டி அமைந்தது.

விண்வெளி மின்சாரம் போட்டியிட வேண்டியது இந்த விலையோடுதான். அதன் தனிச்சிறப்பு இரவிலும் கிடைப்பது. பேட்டரி மலிவாகும் ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சிறப்பின் மதிப்பு குறைகிறது. எனவே, கலாம் முன்வைத்த கனவை ஆய்வுக்கூடத்தில் தொடர்வதற்குக் காரணம் இருக்கிறது. அதனை நம்பி இரவு நேர மின்சாரத்துக்கான முடிவுகளைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் இல்லை. சேமிப்புக்கு எவ்வளவு பேட்டரி, எவ்வளவு நீரேற்று நிலையம், அதற்காக எந்தக் காட்டை விட்டுக்கொடுப்பது அல்லது விட்டுக்கொடாமல் இருப்பது என்பவை அரசுகள் இந்தப் பத்தாண்டுக்குள் எடுத்தாக வேண்டிய முடிவுகள்.