வீடு திரும்பியவன் கேட்கிறேன்

2021 மே மாதம் தினமும் சாயங்காலம் டிவியில் கொரோனாக் கணக்கு வாசித்தார்கள். இன்றைக்குத் தொற்று இத்தனை, சாவு இத்தனை, குணமாகி வீடு திரும்பியவர்கள் இத்தனை. 21-ஆம் தேதி மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. கடைசியில் வீடு திரும்பியவர்கள் கணக்கு 35 லட்சத்தைத் தாண்டியது. அதில் நானும் ஒருவன். கேட்கிறேன்: ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வெளியே வந்த பிறகு எங்களை யாராவது எண்ணினீர்களா?

நான் நாதஸ்வரக்காரன். கும்பகோணம் பக்கம். தாத்தா காலத்திலிருந்து கோயில் சேவகம், முகூர்த்தம், சாமி புறப்பாடு. எங்கள் தொழிலில் விரல் இரண்டாம்பட்சம். "பயலுக்குத் தம் இருக்கா பாரு" என்றுதான் பெரியவர்கள் முதலில் பார்ப்பார்கள். சாமி தெருவைச் சுற்றி நிலைக்கு வரும்வரை வாசிக்க வேண்டும். நான் வாசித்தேன். சித்திரை வெயிலில், வெறுங்காலோடு, மணிக்கணக்கில் வாசித்தேன்.

அந்தத் தம்மைத்தான் கொரோனா கொண்டுபோய்விட்டது.

ஆஸ்பத்திரியில் குப்புறப் படுக்கப்போட்டு ஆக்சிஜன் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். என்னைக் காப்பாற்றினார்கள். தன் பிள்ளையைப் பார்க்கக்கூடப் போகாமல் எங்களோடு கிடந்த அந்த நர்ஸம்மாவை நான் சாகும்வரை கும்பிடுவேன். என் கோபம் அவர்கள்மேல் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போட்டதோடு எங்கள் கதை முடிந்ததென்று ஃபைலை மூடினார்களே, அவர்கள்மேல்.

ஸ்கேனில் நுரையீரல் முழுக்கத் தழும்பு. உட்கார்ந்திருந்தால் விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 95 காட்டும். குளித்துவிட்டு வந்தால் 87. சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. அதைவிடக் கொடுமை ஒன்று. சின்ன வயசில் அப்பா மடியில் உட்கார்ந்து பாடம் பண்ணிய கீர்த்தனை, அனுபல்லவி முடிந்ததும் நின்றுபோகிறது. சரணம் நினைவுக்கு வரவில்லை. ரத்தத்தில் ஓடியது எங்கே போனது?

சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "எல்லாம் மனசுதாண்ணே, பயத்தை விடு, ஊது, வந்துடும்." ஒரு டாக்டரே சொன்னார், டென்ஷன் என்று.

டென்ஷனா? உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே கொரோனாவுக்குப் பின் மிஞ்சும் இந்த நோய்க்கு வரையறை எழுதிவிட்டது. நோய் வந்து மூன்று மாதத்துக்குப் பிறகும் இருந்து, குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கிற, வேறு காரணம் சொல்ல முடியாத தொல்லை. மூச்சுத் திணறலும் அசதியும் மறதியும் அதில் இருக்கின்றன. வூஹானில் முதல் அலையில் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியவர்களை ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கு 68 பேருக்கு ஏதோ ஒரு தொல்லை மிச்சமிருந்தது. 52 பேருக்கு அசதி அல்லது தசைத் தளர்ச்சி. இரண்டு வருடம் கழித்தும் பாதிக்குமேல் முழுதாகத் தேறவில்லை. உலகமெல்லாம் தெரிந்த சங்கதி இது. என்னைப் பார்த்து மட்டும் மனசு என்கிறீர்கள்.

இப்படி ஆராய்கிறவர்கள் ஐந்து கேள்வி வைத்திருக்கிறார்கள். நடக்க முடிகிறதா, உன் வேலையை நீயே செய்துகொள்கிறாயா, வழக்கமான தொழிலைப் பார்க்கிறாயா, வலி உண்டா, கவலை உண்டா. கடைசியில் உன் உடம்புக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் போடுவாய் என்று கேட்பார்கள். என்னை இதுவரை ஒருவரும் இதில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

மாற்றுத்திறனாளி சான்று வாங்கினால் மாதம் ஏதாவது வரும் என்று மனைவி அலைந்தாள். 2016 சட்டத்தில் 21 வகை ஊனம் இருக்கிறது. கண், காது, கைகால், ரத்த நோய்கள்கூட இருக்கின்றன. அது நியாயம், இருக்கட்டும். நுரையீரல் இல்லை! நாலு படி ஏற முடியாதவன் சட்டத்தின் கண்ணுக்கு முழு ஆள். எங்கள் தெருவில் ஒருவருக்குக் கொரோனாவுக்குப் பின் வந்த கருப்புப் பூஞ்சையால் ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். ஒரு கண் போனால் 30 சதவீதம்தானாம். 40 இருந்தால்தான் சலுகை. கொரோனாவில் செத்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்தத் தாலியறுத்த பெண்களிடம் எனக்கென்ன பொறாமை? அதுவும் போதாது என்பேன். ஆனால் பாதி செத்துத் திரும்பியவனுக்கு எதுவுமே கிடையாது என்பது எந்த ஊர் நீதி? நலிந்த கலைஞர் உதவிக்குப் போனால் வயசு போதவில்லை என்கிறார்கள். நுரையீரலுக்கு எத்தனை வயசு என்று அவர்கள் பார்க்கட்டும்.

இன்றைக்கு நான் என்ன செய்கிறேன் தெரியுமா? தம்பி செட்டில் சுருதிப்பெட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். முன்வரிசையில் சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தவன், பின்னால் உட்கார்ந்து பெட்டியின் பொத்தானை அழுத்துகிறேன். தம்பி நல்லவன். பங்கைக் குறைக்காமல்தான் கொடுக்கிறான். அது இன்னும் சுடுகிறது. அப்பன் மருந்துச் செலவுக்காக மகள் காலேஜை விட்டுவிட்டு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறாள். இது எந்தக் கணக்கில் வரும்?

நுரையீரலையும் அந்த ஊனப் பட்டியலில் சேருங்கள். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் மூச்சுப் பரிசோதனை வையுங்கள், மூச்சுப் பயிற்சிக்கு ஆள் போடுங்கள். 2021-இல் ஆக்சிஜன் வைத்து அனுப்பப்பட்டவர்கள் பெயரும் முகவரியும் உங்கள் ரெஜிஸ்டரில்தானே இருக்கின்றன? அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வாருங்கள். எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். அந்த ஐந்து கேள்வியையும் கேளுங்கள், நடுவில் நிறுத்தி நிறுத்தியாவது பதில் சொல்கிறேன்.