‘முதல் வேப்... பட்ஜெட்டில் எது பெஸ்ட்?’ - ஒரகடம் ஷிஃப்ட் நண்பர்களுக்கு ஒரு க்யூ.சி ரிப்போர்ட்!

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் உங்களை சுங்குவார்சத்திரத்துல இறக்கி விட்டிருக்கு. கண்ணு எரியுது. டீக்கடையில ஒரு கிளாஸ் டீ சொல்லிட்டு நிக்கிறீங்க. பக்கத்துல நிக்கிற லைன் நண்பர் பாக்கெட்டிலிருந்து பென் டிரைவ் மாதிரி ஒண்ணை எடுத்து இழுக்கிறார். சிகரெட் நாத்தம் இல்லை, மாம்பழ வாசனை வருது. “சிகரெட்டை விட சேஃப் ப்ரோ. ஆரம்பத்துக்கு இந்த மாடல் போதும், பட்ஜெட்லயே வரும். குரூப்ல ஆர்டர் போடுறோம், உனக்கும் ஒண்ணு சேர்த்துக்கவா?”

ரூமுக்கு வந்து படுத்ததும் போன்ல தேடுவீங்க: ‘பிகினருக்கு எந்த வேப் நல்லது, குறைஞ்ச விலையில?’

அட்வைஸ் பண்ணப் போறேன்னு பயந்துடாதீங்க. நியாயமான கேள்விதான் இது, நேராகவே பதில் சொல்லலாம். இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் பைக்கும் லாரியும், சுங்குவார்சத்திரத்தில் செல்போன் என உலகத்துக்கே பொருள் செய்து அனுப்பும் ஊர் உங்களுடையது. ஒரு பொருளை எப்படி சோதிக்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கண்ணோடு இந்த வேப்பையும் ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் வைத்துப் பார்ப்போம்.

முதல் செக்: சட்டம்

இந்தியாவில் இ-சிகரெட் விற்பதே குற்றம். தமிழ்நாடு அரசு 2018-லேயே தடை விதித்தது. 2019 செப்டம்பர் 18-ம் தேதி மத்திய அரசு நாடு முழுக்கத் தடையை அறிவித்தது, அதே ஆண்டு டிசம்பரில் அது சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டு செல்வது, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே தடை. முதல் முறை சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஸ்டாக் வைத்திருந்தாலே 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், இல்லாட்டி ரெண்டுமே.

“இது நிக்கோட்டின் இல்லாதது, சும்மா ஃப்ளேவர்தான்”னு சொல்லுவாங்க. அதுவும் செல்லாது. நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி இழுக்கவைக்கும் மின்கருவி என்றால் அது இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும்.

“நான் விக்கலையே, எனக்கு மட்டும்தானே வாங்குறேன்?” இந்தக் கேள்வியில்தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. இழுப்பவருக்கு இவ்வளவு தண்டனை என்று சட்டத்தில் தனிப்பிரிவு கிடையாது, உண்மைதான். ஆனால், எந்த அளவில், எந்த வடிவில் கையில் வைத்திருந்தாலும் அது சட்டமீறல்தான் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2023-ல் விளக்கம் கொடுத்திருக்கிறது. அதைவிட முக்கியமான இடம் அந்த ‘குரூப் ஆர்டர்’. ரூம்மேட்ஸ் அஞ்சு பேருக்கு சேர்த்து ஒருத்தர் பார்சல் வாங்கிப் பிரிச்சுக் கொடுத்தால், நட்புக் கணக்கில் அது உதவி. சட்டத்தின் கணக்கில் விநியோகம். துபாயிலிருந்து வரும் மச்சான் “உனக்கு ஒண்ணு எடுத்துட்டு வரேன்”னா, அது இறக்குமதி.

இங்கே ரெண்டு வருஷம் அனுபவம், அப்புறம் சிங்கப்பூர் என்பது நம்மில் பலரோட திட்டம். அங்கே 2018 பிப்ரவரி 1 முதல் வேப் வைத்திருப்பதும் இழுப்பதுமே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து பிடி இன்னும் இறுகிவிட்டது. எடோமிடேட் என்ற மயக்க மருந்தை வேப் திரவத்தில் கலந்து விற்றது பிடிபட்டதால், அதைப் போதைப்பொருள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளி சிக்கினால் வேலை அனுமதியே பறிபோகலாம். ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணத்தை நினைச்சுப் பாருங்க.

இரண்டாவது செக்: உள்ளே என்ன இருக்கு?

ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு உலோகக் காயில், பஞ்சு, கொஞ்சம் திரவம். வேப் என்றால் இவ்வளவுதான். இதில் ஒவ்வொன்றையும் பார்க்கலாம்.

பேட்டரி: நீங்கள் அசெம்பிள் செய்யும் போனுக்குள் போகும் லித்தியம் செல், இந்தியாவில் விற்கப்படணும்னா பி.ஐ.எஸ் பதிவு கட்டாயம். ஒரு செல் லேசா உப்பியிருந்தாலும் அந்த லாட்டையே ஓரமா எடுத்து வைப்பீங்க. தடை செய்யப்பட்ட பொருளுக்கு யார் அப்படிச் சோதனை செய்யப்போறாங்க? அதை வாய்க்கு நேரா வெச்சு இழுக்குறோம், பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தூங்குறோம்.

திரவம்: “வெறும் நீராவிதான்” என்பது பொய். ப்ரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், ஃப்ளேவர் ரசாயனம், நிக்கோட்டின் எல்லாம் கலந்த நுண்துளிகள் அவை. காயில் சூடாகும்போது நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களும் அதில் கலப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

லேபிளை நம்பலாமா? அமெரிக்காவில் 2019-ல் நடந்ததைப் பாருங்க. வேப் இழுத்தவர்கள் திடீரென மூச்சுத்திணறி மருத்துவமனையில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிப்பு, 68 பேர் மரணம். பெரும்பாலானவர்கள் இழுத்தது கஞ்சாச் சத்து கலந்த திரவம். அதுவும் கடைக்கு வெளியே, தெரிந்தவர் மூலமும் ஆன்லைன் ஆட்கள் மூலமும் வாங்கியது. திரவம் கெட்டியாகத் தெரியணும்னு கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள். அந்த விஷயம் எந்த லேபிளிலும் இல்லை. நம்ம ஊரில் வேப் விற்பனை நடப்பதே அந்த மாதிரி வழியில்தான். பில் கிடையாது, வாரன்டி கிடையாது. பிரச்னைன்னா போய்க் கேட்க ஒரு அட்ரஸ்கூட கிடையாது.

மூன்றாவது செக்: உண்மையான விலை

‘பட்ஜெட்’ என்ற வார்த்தைதான் இதில் பெரிய தூண்டில். பிரின்டரை சீப்பா கொடுத்து இங்க்கில் காசு பார்க்கிற கதை தெரியும்ல? இங்கே அந்த இங்க், நிக்கோட்டின்.

இப்போதைய வேப்களில் இருப்பது பெரும்பாலும் ‘சால்ட் நிக்கோட்டின்’. நிக்கோட்டினோடு அமிலம் சேர்ப்பதால் தொண்டையில் எரிச்சல் தெரியாது. முதன்முதலா சிகரெட் இழுத்தப்ப இருமல் வந்துச்சுல்ல... உடம்பு அடிக்கிற அந்த அலாரத்தைத்தான் ஆஃப் பண்ணிடுறாங்க. லேபிளில் 5 சதவிகிதம் என்று இருந்தால், மில்லிக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் நிக்கோட்டின். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவே 20 மில்லிகிராம்தான். சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, சாம்பலாகிக் கையைச் சுடும். வேப் அப்படி முடியாது. பாத்ரூமில் ரெண்டு இழுப்பு, பஸ்ஸில் ரெண்டு இழுப்பு. கணக்கே தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 50 ரூபாய் போகுதுன்னு வெச்சுக்கோங்க. மாசம் 1,500. வருஷம் 18,250. கான்ட்ராக்ட்டில் இருப்பவருக்கு அது ஏறக்குறைய ஒரு மாசச் சம்பளம். தங்கச்சி காலேஜ் ஃபீஸ்ல ஒரு தவணை.

நான்காவது செக்: நைட் ஷிஃப்ட்

பொழுதுபோக்குக்காக மட்டும் இங்கே யாரும் இதைத் தொடுவதில்லை. விடியக்காலை மூணு மணிக்கு லைன்ல நிக்கும்போது கண்ணு சொக்கும். ஊர்ல இருந்து தனியா வந்த ரூம். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரின்னு உடம்பே குழம்பிப் போயிருக்கும். அந்த நேரத்தில் ஒரு இழுப்பு சில விநாடிகளில் மூளையைத் தட்டி எழுப்பும். அது நிஜம்தான், மறுக்கலை.

ஆனால், அதே நிக்கோட்டின்தான் ஷிஃப்ட் முடிஞ்சு காலையில் படுக்கும்போது தூக்கத்தையும் கெடுக்கும். பகல் தூக்கம் ஏற்கெனவே அரைகுறை. அது இன்னும் குறைய, அடுத்த ராத்திரி இன்னும் அதிகமா கண்ணு சொக்க, இன்னும் ரெண்டு இழுப்பு. இப்படித்தான் சுத்திக்கிட்டே போகும். எத்தனையோ பேர் ‘டென்ஷன் குறையுது’ன்னு சொல்றதும் இதில்தான் வரும். பல நேரம் குறைவது வேலை டென்ஷன் இல்லை, ரெண்டு மணி நேரமா நிக்கோட்டின் கிடைக்காத டென்ஷன்.

“அப்போ சிகரெட்டை மட்டும் ஏன் விடுறாங்க?”

நல்ல கேள்வி. மழுப்பாமல் பேசணும். பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை சிகரெட்டும் பீடியும் தொங்கும் நாட்டில் வேப்பை மட்டும் தடை செய்தது முரண்தான். பிரிட்டனில் புகைப்பழக்கத்தை விடுவதற்கு வேப்பை அரசு மருத்துவத்துறையே பரிந்துரைக்கிறது. பல வருஷமா சிகரெட் பிடிப்பவர் முழுசா வேப்புக்கு மாறினால் தீங்கு குறையும் என்பது அவர்களின் வாதம். அதில் பொருள் இருக்கிறது.

ஆனா ரெண்டு விஷயத்தை சேர்த்துப் பார்க்கணும். அங்கே விற்பது அளவும் விதியும் உள்ள பொருள். அப்படியிருந்தும் பள்ளிப் பிள்ளைகள் கையில் சேர்ந்ததால், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வேப்களை 2025 ஜூன் 1 முதல் அங்கேயே தடை செய்துவிட்டார்கள். அடுத்தது, அந்தப் பரிந்துரை ஏற்கெனவே புகைப்பவருக்கு மட்டும்தான். புகைக்காதவர் ஆரம்பிக்கக் கூடாது என்று அவர்களே சொல்கிறார்கள். ‘பிகினருக்கு எது நல்லது?’ என்ற கேள்விக்கு, வேப்பை ஆதரிக்கும் நாட்டிலும் பதில் இல்லை.

“தடை போட்டா மட்டும் நின்னுடுமா? குட்கா, கூல் லிப் எல்லாம் கிடைக்குதே?” கிடைக்குதுதான். தமிழ்நாட்டில் 2013-ல் குட்காவைத் தடை செய்தும் விற்பனை ஓயவில்லை. ஒளிஞ்சு விற்கிற பொருளுக்கு விலையும் தரமும் விற்பவர் வைத்ததுதான் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

சரி, இப்போ என்ன பண்ணலாம்?

இதுவரை எதையும் தொடாதவரா நீங்க? அப்போ ரொம்ப சிம்பிள். அந்த குரூப் ஆர்டர்ல “எனக்கு வேணாம் மச்சி”ன்னு ஒரு மெசேஜ். காரணம் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. பார்சல் உங்க பேர்லயோ, உங்க நம்பர்லயோ வராம பார்த்துக்கோங்க.

சிகரெட்டை விடணும்னுதான் வேப்பைத் தேடினீங்களா? அந்த எண்ணம் நல்ல எண்ணம், அதைக் கைவிடாதீங்க. வழியை மட்டும் மாத்துங்க. 1800-112-356 என்ற தேசிய இலவச எண்ணில் ஆலோசகரிடம் பேசலாம். இந்த நம்பர் உங்க சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடிச்சிருக்கும். 011-22901701-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தி வழியா உதவி வரும். நிக்கோட்டின் சூயிங் கம் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கோங்க. அதற்கு பில் உண்டு, பேட்ச் நம்பர் உண்டு, எக்ஸ்பைரி தேதி உண்டு.

ஏற்கெனவே வேப் கையில் இருப்பவரா? அதே நம்பர் உங்களுக்கும்தான். முதல் சில நாள் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி வரும். ஓரிரு வாரத்தில் அதன் வேகம் தணியும். முடிஞ்சா நைட் ஷிஃப்ட் இல்லாத வாரமாப் பார்த்து ஆரம்பிங்க.

கடைசியா ஒரு விஷயம். லைன்ல ஒரு பார்ட்டை கையில் எடுக்குறீங்க. சப்ளையர் பேர் இல்லை, டெஸ்ட் ரிப்போர்ட் இல்லை, உள்ளே என்ன மெட்டீரியல்னு தெரியலை, வாங்குனதுக்கு பில்லும் இல்லை. “விலை கம்மிதானே, ஓகே பண்ணிடு”ன்னு சூப்பர்வைசரே சொன்னாலும் நீங்க பாஸ் பண்ண மாட்டீங்க.

அது கார்ல போகப்போற பார்ட். இது உங்க நுரையீரலுக்குள்ள போகுது. சிவப்பு டேக் எங்கே வெச்சிருக்கீங்க?