பெற்றவள் சொன்னால் காது கொடுங்கள்!

பச்சைக் குழந்தையின் இதயம் கடிகாரம் மாதிரி ஒரே சீராகத் துடித்தால்தான் நல்லது என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்க வேண்டுமாம். மூச்சு விடும்போது, பால் குடிக்கும்போது, அழும்போது, தூங்கும்போது என்று தேவைக்குத் தகுந்தபடி இதயத்தை முடுக்கிவிட ஒரு நரம்பு, இழுத்துப் பிடிக்க ஒரு நரம்பு. இரண்டும் விழிப்பாக இருப்பதற்கு இந்த ஏற்ற இறக்கம்தான் அடையாளம்.

குறை மாதக் குழந்தையின் ரத்தத்தில் கிருமி பரவினால், வெளியே அறிகுறி தெரிவதற்குப் பல மணி நேரம் முன்பே இந்த ஏற்ற இறக்கம் குறைந்து விடலாம். நடுநடுவே துடிப்பு சட்டென்று இறங்கி ஏறும். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ராண்டால் மூர்மன் குழுவினர் இதைக் கவனித்து, ஆபத்தை ஒரே எண்ணாகக் காட்டும் கருவியை உருவாக்கினார்கள். 9 மருத்துவமனைகளில், ஒன்றரை கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த 3,003 குழந்தைகளிடம் இதைச் சோதித்த ஆய்வு 2011ல் வெளியானது. ஒரு பிரிவுக் குழந்தைகளின் எண்ணை டாக்டர், நர்சுகளுக்குக் காட்டினார்கள். இன்னொரு பிரிவின் எண்ணை மறைத்து விட்டார்கள். மறைத்த பிரிவில் இறந்த குழந்தைகள் 10.2 சதவீதம். காட்டிய பிரிவில் 8.1 சதவீதம்.

என்னை யோசிக்க வைத்த விஷயம் இதுதான். அந்தக் கருவி மருந்து எதுவும் கொடுக்கவில்லை. எண் ஏறினால் இன்ன சிகிச்சைதான் செய்ய வேண்டும் என்ற கட்டளையும் இல்லை. 'இந்தக் குழந்தையை இன்னொரு தடவை பாருங்க' என்று சொன்னது, அவ்வளவே. அதற்கே அத்தனை பலன்!

அதே வார்த்தையை நம் வீட்டில் பெற்றவள் சொன்னால் என்ன நடக்கிறது? "அத்தை, காலையிலேர்ந்து சரியா பால் குடிக்கலை, ஒரு மாதிரி துவண்டு கிடக்கு" என்றால், "தலைச்சன் பிள்ளை, அதான் பயப்படறே" என்பார்கள். "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு" என்பார்கள். சுத்திப் போடுவதில் தவறில்லை. ஆனால், அதோடு திருப்திப்பட்டு ராத்திரி முழுக்கக் காத்திருப்பதுதான் ஆபத்து. "உடம்பு சுடலையே" என்றும் சமாதானம் சொல்லக் கூடாது. பச்சைக் குழந்தைக்குக் கிருமி தாக்கினால் காய்ச்சல் வராமல், உடம்பு சில்லிட்டுப் போவதும் உண்டு.

இதற்காகக் காலில் மாட்டுகிற கருவி அது இதுவென்று காசைக் கொட்டவும் வேண்டாம். தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணத்தைத் தடுக்க இப்படிப்பட்ட வீட்டுக் கருவிகளை நம்பக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது. துடிப்பின் ஏற்ற இறக்கத்தை நாம் நெஞ்சில் கை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. நம்மால் பார்க்க முடிந்தவை வேறு: பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சு இழுக்கையில் நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு, காய்ச்சல், உடம்பு சில்லிடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கை வைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லாவிட்டால் 108 இருக்கிறது.

மாமியார்களே, பாட்டிமார்களே! உங்கள் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், ராத்திரி பகலாகக் குழந்தையை மடியில் வைத்திருப்பவள் அவள். "ஏதோ சரியில்லை" என்று அவள் சொன்னால், பயந்தாங்கொள்ளி என்று வாயை அடைக்காமல், எழுந்து போய் ஒரு தடவை குழந்தையைப் பாருங்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால், ஆட்டோ காசுதானே நஷ்டம்?

– ஒரு வாசகி, கும்பகோணம்.