ரிசர்வில் ஓடிய ராட்சசன்

உங்க அப்பாவோட பழைய பைக்ல ஸ்பீடாமீட்டரைப் பார்த்திருக்கீங்களா? 40, 50 பக்கமா பச்சைக் கலர்ல ‘எகானமி’ன்னு ஒரு பட்டை இருக்கும். அதைத் தாண்டி முறுக்கினா பெட்ரோல் சர்ருனு இறங்கும். அந்தப் பச்சைப் பட்டையோட கணக்கில் மாட்டி மூழ்கிப்போன ஒரு போர்க்கப்பலின் கதைதான் இந்த வாரம்.

கப்பலின் பெயர் பிஸ்மார்க். ஜெர்மனிக்காரன் கட்டியது. 250 மீட்டர் நீளம், 30 நாட் வேகம். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கி.மீ. ஆக, சுமார் 55 கி.மீ. வேகத்தில் கடலில் நகர்கிற ஒரு குட்டி ஊர்! 1941 மே மாதம், பிரிட்டனுக்குச் சரக்கு கொண்டு போகும் கப்பல்களை வேட்டையாட, பிரின்ஸ் ஆய்கன் என்ற துணைக் கப்பலோடு அட்லாண்டிக்குக்குக் கிளம்பியது.

மே 24 காலை, ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவில் சண்டை. பிரிட்டனின் பெருமையான ஹூட் கப்பல் சில நிமிடங்களில் வெடித்துச் சிதறியது. அதில் இருந்த 1,418 பேரில் பிழைத்தது மூணே மூணு பேர். ஜெயிச்சது பிஸ்மார்க்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் சுட்டதில் மூணு குண்டு பிஸ்மார்க் மேலயும் விழுந்தது. அதில் ஒண்ணு மூக்குப் பக்கம் ஒரு பக்கம் நுழைஞ்சு, மறுபக்கம் வெளியே போயிடுச்சு. வெடிக்கவே இல்லை!

என் கணக்கில், அந்த வெடிக்காத குண்டுதான் வில்லன். ஓட்டை வழியா சுமார் 2,000 டன் கடல் தண்ணி உள்ளே வந்தது. முன்பக்க டேங்க்குகளில் இருந்த சுமார் 1,000 டன் எண்ணெயை எடுக்க வழியில்லாமல் போச்சு. ஏ.டி.எம். கார்டு உடைஞ்சுபோன நிலைமைதான்... அக்கவுன்ட்ல பணம் இருக்கு, டீ குடிக்கக் காசு இல்லை! இன்னொரு குண்டால் கொதிகலன் அறை ஒன்றிலும் தண்ணீர். அதிகபட்ச வேகம் 28 நாட்டாகக் குறைந்தது. போகிற வழியெல்லாம் கடல் மேல் எண்ணெய்க் கோடு வேறு.

28 நாட்டும் நல்ல வேகம்தானேன்னு கேக்கறீங்களா? இங்கேதான் மெக்கானிக்ஸ் வாத்தியார் சொன்னது வேலைக்கு வருது. (ஆர்ட்ஸ் காலேஜ் மக்களே, ஓடாதீங்க, ரெண்டே வரிதான்.) தண்ணீரின் எதிர்ப்பு தோராயமாக வேகத்தின் இருமடியாகக் கூடும். அதே தூரத்தை 20 நாட்டுக்குப் பதில் 28 நாட்டில் கடந்தால், எண்ணெய் ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவாகும். வேகம் ஏறினது 40 சதவிகிதம்தான், பில் டபுள்! கூடவே, உடைந்த முன்பக்கத்தின் உள்சுவர்களைத் தண்ணீர் அழுத்தும் வேகமும் அதே மாதிரி எகிறும்.

அட்மிரல் லூட்யென்ஸ் வேறு வழியில்லாமல் பிரான்ஸ் பக்கம் திருப்பினார். அப்போது அது ஜெர்மனி கையில். வேகம் சுமார் 20 நாட். எனக்கு ஆத்திரம் வர்ற இடம் இதுக்கு முந்தினது. கிளம்பும்போதே எண்ணெய்க் குழாய் கோளாறால் டேங்க் நிரம்பவில்லை. மே 21 அன்று நார்வேயின் பெர்கன் பக்கம் பகல் முழுக்க நின்றபோது பிரின்ஸ் ஆய்கன் எண்ணெய் நிரப்பிக்கொண்டது. பிஸ்மார்க் நிரப்பவில்லை. வடக்கே ஆர்க்டிக் பக்கம் எண்ணெய்க் கப்பல் ஒன்று காத்திருந்தது, அதையும் தேடிப் போகவில்லை. பங்க் வாசல்லயே நின்னுட்டு, ‘அடுத்த பங்க்ல போட்டுக்கலாம்’னு கிளம்பற ஆசாமி நம்ம செட்லயும் ஒருத்தர் இருப்பாரே!

துரத்தினவங்க மட்டும் ஃபுல் டேங்க்கா? ம்ஹூம். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும் எண்ணெய் தீர்ந்து பாதியிலேயே விலகின. மே 25 அதிகாலை 3 மணி வாக்கில் பிஸ்மார்க் பின்தொடர்ந்தவர்களின் பிடியிலிருந்தே நழுவியது. மறுநாள் காலை 10.30-க்கு ஒரு கேட்டலினா விமானம் கண்டுபிடித்தபோது, பிரெஸ்ட் துறைமுகத்துக்கு சுமார் 690 கடல் மைல். பிரிட்டிஷ் அட்மிரல் டோவி கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்... அன்று நள்ளிரவுக்குள் பிஸ்மார்க்கின் வேகம் குறையாவிட்டால், அவருடைய ‘கிங் ஜார்ஜ் ஃபிப்த்’ கப்பல் எண்ணெய்க்காகத் திரும்பியே ஆகணும்.

கால்குலேட்டரை எடுங்க. நழுவியதிலிருந்து விமானம் பார்த்தது வரை 31 1/2 மணி நேரம். 28 நாட்டில் ஓடியிருந்தால் மணிக்கு 8 கடல் மைல் கூடுதல். அதாவது 250 கடல் மைல். அன்று ராத்திரி 9 மணிக்கு பிரெஸ்ட்டிலிருந்து 150 கடல் மைலில் வந்திருக்கும். தலைக்கு மேல் ஜெர்மன் விமானங்கள் குடை பிடிக்கிற தூரம் அது. தோராயக் கணக்குதான். பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல் ஆர்க் ராயல் அப்போ எங்கே இருந்திருக்கும்னு இதில் சேர்க்கலை. இருந்தாலும் அந்த 1,000 டன் எவ்வளவு பெரிசுன்னு புரியுதா?

நிஜத்தில் ராத்திரி 9 மணி வாக்கில் ஆர்க் ராயலிலிருந்து ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் வந்தன. துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம், பார்த்தா காமெடியா இருக்கும். அதில் ஒன்று போட்ட டார்பிடோ சுக்கான் பக்கம் வெடித்தது. சுக்கான் இடப்பக்கம் 12 டிகிரியில் திரும்பியபடி சிக்கிக்கொண்டது. டோவியின் கெடு முடிய மூணு மணி நேரம்தான் பாக்கி!

அதுக்கப்புறம் எஞ்சின் ஓடினாலும், மிச்ச எண்ணெய் இருந்தாலும் பிரயோஜனமில்லை. புயல் காற்று கப்பலை வடமேற்கே, துரத்தி வந்தவர்கள் பக்கமாகவே திருப்பியது. விடிஞ்சதும், மே 27 அன்று பிரிட்டிஷ் கப்பல்கள் சுட ஆரம்பித்தன. 10.40 வாக்கில் பிஸ்மார்க் மூழ்கியது.

‘கிங் ஜார்ஜ் ஃபிப்த்’தும் ‘ராட்னி’யும் எண்ணெய் குறைந்துபோனதால் அங்கே நிற்கவில்லை, ஊர் பார்க்கத் திரும்பின. நீரில் மிதந்தவர்களை டார்செட்ஷயர், மவோரி என்ற இரண்டு கப்பல்கள் கயிறு போட்டு ஏற்ற ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் நீர்மூழ்கி பயம் வர, அவையும் நகர்ந்துவிட்டன. பிஸ்மார்க்கில் இருந்தவர்கள் 2,200-க்கும் மேல். நிறைய பேர் நம்ம வயசுக்காரங்க. பிழைத்தவர்கள் 120 பேர்கூட இல்லை.